நொண்டி என்றொரு சொல்

"நொண்டிங்கற வார்த்தையை எடுத்துடலாம். யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?"

கேட்கும்போதே தலைவர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு.

இணையப் பெயர்களைக் கவனிக்கும் சர்வர்கள் பற்றிய தொழில் சொற்களுக்கு எல்லோரும் ஏற்கும் விளக்கம் எழுதத்தான் அந்தக் குழு. அதுவரை வீடியோவில் மட்டுமே முகம் பார்த்தவர்கள் அன்றுதான் முதல் தடவையாக ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர், எல்லோரும் ‘தாடி’ என்று கூப்பிடும் தொலைபேசி நிறுவன இன்ஜினியர், இன்னும் இரண்டு பேர். அப்புறம் ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவை நடத்தும் பெண். எல்லோருக்கும் முன்பே வந்து ஜன்னலோர நாற்காலியைப் பிடித்துக்கொண்டவள் அவள்தான்.

விஷயம் இதுதான். ஒரு இணையதளத்தின் பெயரைச் சொல்லி அதன் முகவரியைக் கேட்டால் மேலே இருக்கும் சர்வர், "எனக்குத் தெரியாது, அங்கே போய்க் கேள்" என்று இன்னொரு சர்வரைக் கை காட்டும். நம்பிப் போனால், சில சமயம் அது கையை விரித்துவிடும். இந்தக் கோளாறுக்குத் தொழிலில் புழங்கும் பெயர் ‘நொண்டி’.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு" என்றாள் அவள்.

தாடிக்கு முகம் மலர்ந்தது. பழகின சொல் அது பாட்டுக்கு இருக்கட்டும் என்பது அவர் கட்சி. துணைக்கு ஆள் கிடைத்துவிட்டதாக நினைத்தார்.

"எடுக்கறதுல இல்ல சார். எதுக்காக எடுக்கறோம்கறதுல."

கால் சரியில்லாதவர்கள் படித்தால் மனம் புண்படும், அந்தக் காரணம் போதாதா என்றார் தலைவர். போதாது என்றாள். தன் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னாள். ஒரு நாள் ஆஸ்பத்திரியின் பெயரே இணையத்தில் காணாமல் போனது. உதவிக்குக் கூப்பிட்ட இடத்தில் ‘சர்வர் நொண்டி’ என்றார்கள். சர்வர் செத்துக் கிடக்கிறது என்று நினைத்து இவளுடைய ஆட்கள் அதைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டார்கள். சொன்னவர் சொல்ல வந்ததோ வேறு. சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது, அந்தப் பெயரைப் பற்றித்தான் அதற்கு ஒன்றும் தெரியவில்லை என்பது அவர் கணக்கு. ஆளுக்கொரு பக்கம் தோண்டிக்கொண்டிருந்ததில் ஸ்கேன் படங்கள் வந்து சேரவில்லை. ஒரு ஆபரேஷனையே தள்ளிப்போட வேண்டியதாயிற்று.

"பேஷன்ட்டோட பொண்ணு வந்து ஏன்னு கேட்டா. ஒரு வார்த்தைக்கு ஆளுக்கொரு அர்த்தம் வச்சிருக்கோம்னு அவகிட்ட சொல்ல முடியுமா?"

தலைவருக்கு எரிச்சல் வந்தது. "மேடம், உங்களுக்கு இது வெறும் டெக்னிகல் சமாச்சாரம். அந்த நிலைமையில இருக்கறவங்களுக்குத்தான் வலி தெரியும்."

"அவங்கள்ல யாரையாவது கேட்டீங்களா சார்?"

"கேட்டுத்தான் தெரியணுமா? நமக்கெல்லாம் மனசு இல்லையா?"

அவள் தன் நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்து நீட்டினாள். அந்தச் சொல்லுக்குத் தெரிந்த அர்த்தத்தை ஆளுக்கொரு தாளில் எழுதச் சொன்னாள். தாடி ‘பதிலே வராதது’ என்று எழுதியிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் ‘தப்பான பதில் தருவது’ என்று. தலைவரின் தாளில் ‘மெதுவாக வேலை செய்வது’ என்றிருந்தது. தாடி வாய்விட்டுச் சிரித்தார். வேறு வழியில்லாமல் தலைவரும் சிரித்துவைத்தார்.

"நொண்டி நடக்கறவங்க மெதுவாப் போனாலும் போய்ச் சேந்துடுவாங்க. இங்க கேள்வி போய்ச் சேரவே சேராது. அந்தப் பேரே தப்பு. தப்புங்கறதுக்காக எடுங்க. பாவம் பார்த்து எடுக்காதீங்க."

பிறகு அவள் நிதானமாகச் சொல்லச் சொல்லத் தலைவர் எழுதினார். ‘நொண்டி’யை அடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு புதுச் சொல்; கை காட்டப்பட்ட சர்வர் அந்தப் பெயருக்குப் பொறுப்பேற்காத நிலை என்பது அதன் விளக்கம். பதிலே வராமல் போவதற்குத் தனியாக இன்னொரு சொல். தாடி தன் கட்சியை அங்கேயே கலைத்துவிட்டார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். தலைவரால் அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவே அவருக்குக் குறையாக இருந்தது.

சாப்பிடக் கிளம்பினார்கள். கதவைத் திறந்தபடியே தலைவர் தாடியின் காதோடு பேசினார். மூளை கத்தி மாதிரிதான், மனதில்தான் கொஞ்சம் ஈரம் போதாது என்றார். கால் முடியாத ஒருத்தரோடு ஒரு நாளாவது பழகியிருந்தால் இந்தப் பெண் இப்படிப் பேசியிருக்க மாட்டாள் என்றும் சொன்னார்.

"சார், அந்தக் கதவைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?"

தலைவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு அக்குளிலும் ஊன்றுகோல்களைக் கொடுத்து, அவள் வந்துகொண்டிருந்தாள்.