காற்றுப் புகாத வீடு

“எல்லா ஜன்னலுக்கும் ரெட்டைக் கண்ணாடி சார். கதவைச் சுத்தி ரப்பர் பட்டை. தூசி, சத்தம் எதுவும் உள்ள வராது” என்றாள் வீட்டுக்காரி எவாஞ்சலின்.

பெங்களூருத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓசூர் ஆலைக்கு மேலாளராக வந்திருந்த குருமூர்த்தி அசந்துபோனார். “இப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததே இல்லம்மா. கம்பெனிக்கு நடந்தே போயிடலாம்!”

“அதனாலதான் சார் உங்களைத் தேடி வந்து சொன்னேன்.”

அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆலைக்கு விடுமுறை. மொட்டைமாடியில் காற்று இதமாக வீசியது. அடுத்த மாதமே பத்திரப்பதிவு முடிந்தது.

குடிபோன வாரமே அவர் இருமிக்கொண்டே போன் செய்தார்.

“என்னம்மா இது? ஜன்னலைத் திறந்தா கம்பெனிப் புகை குடலைப் புரட்டுது. ஏன் முன்னாடியே சொல்லல?”

“என் பையன் அஞ்சு வருஷம் இப்படித்தான் இருமினான் சார். ரப்பர், கண்ணாடி எல்லாம் அவனுக்காகப் போட்டது. உங்க கம்பெனிக்கு பதினோரு மனு அனுப்பினேன். ‘எங்கள் ஆலையிலிருந்து புகையோ நாற்றமோ வருவதில்லை’ன்னு தலைமை அலுவலகம் பதில் போட்டுச்சு.”

“அதுக்கு நான் என்னம்மா பண்றது?”

“அதுல கையெழுத்துப் போட்டதே நீங்கதானே சார்! வரலைன்னு நீங்களே எழுதிக் கொடுத்த புகைய, வருதுன்னு நான் எப்படிச் சொல்றது?”