தரை கழுவும் நேரம்

"காலையில ஏழு மணிக்கா தரையைக் கழுவுவாங்க? அதுவும் இன்னிக்குப் பார்த்து!" என்றாள் ஸ்வாலா.

குளியலறை வாசலில் மஞ்சள் பலகை நின்றது: 'சுத்தம் செய்யப்படுகிறது. காத்திருக்கவும்.' பக்கத்தில் நாற்காலி போட்டு, நீச்சல் குளத்துக் காவல்காரி கோல்ப்ரூன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடை மாற்றும் அறையில் ஸ்வாலா, பெர்க்டிஸ், நான் மூன்று பேரும் துண்டைச் சுற்றிக்கொண்டு நடுங்கினோம்.

"நீ இங்கே உட்கார்ந்திருக்கே. உள்ளே யாரு கழுவறா?" என்று கேட்டேன்.

"மருந்து போட்டிருக்கேன். ஊறணும்."

அவளிடம் பேசிப் பயனில்லை. துணியில்லாமல் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் குளத்தில் இறங்க வேண்டும் என்பது ஐஸ்லாந்து முழுக்க உள்ள சட்டம். எங்கள் ஊரில் அந்தச் சட்டத்துக்குப் பெயர் கோல்ப்ரூன். கால் விரலிடுக்கில் சோப்புப் போடவில்லை என்று பாதிரியாரம்மாவையே திருப்பி அனுப்பியவள்.

"கல்நெஞ்சக்காரி" என்றாள் ஸ்வாலா, அவளுக்குக் கேட்கும்படி. "ஆஸ்தீஸ், நீ நகராட்சியில்தானே வேலை பார்க்கறே? புகார் எழுது."

"எழுதத்தான் போறேன்" என்றேன் நான்.

எங்களுக்குக் கோபம் வரக் காரணம் இருந்தது. பதினான்கு மாதத்துக்குப் பிறகு இன்றைக்கு எங்கள் தோழி ஸ்டெய்ன்வோர் குளத்துக்கு வருகிறாள். போன வருஷம் அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். பத்து வாரத்துக்கு முன் வயிற்றிலிருந்து தோலும் கொழுப்பும் எடுத்துப் புதிதாக ஒன்று வைத்தார்கள். இனிமேல் குளத்துக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. ஆனால் எல்லோர் எதிரிலும் உடையைக் கழற்ற வேண்டுமே என்று அவளுக்குப் பயம். அதற்காக ஒரு வாரமாகத் திட்டம் போட்டிருந்தோம்.

"மறுபடி சொல்றேன்" என்றாள் பெர்க்டிஸ். "ஆஸ்தீஸ் அவளுக்கு இடது பக்கம் மறைவா நிக்கணும். நான் பனியைப் பத்திப் பேசுவேன். ஸ்வாலா, நீ?"

"நான் கூரையைப் பார்த்துக்கிட்டே இருப்பேன். கண்ணு கீழே வராது."

"ஒரேயடியா பார்த்து வழுக்கி விழுந்துடாதே."

"இந்தப் பலகையைப் பார்த்தா அவ அப்படியே திரும்பிப் போயிடுவாடி" என்று முனகினாள் ஸ்வாலா.

கோல்ப்ரூன் கடிகாரத்தைப் பார்த்தாள். எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு பலகையை மடக்கினாள்.

"போங்க. நல்லா சோப்புப் போடணும்."

அவசரமாகக் குளித்துவிட்டு, பனியில் குதித்துக் குதித்து வெந்நீர்த் தொட்டிக்கு ஓடினோம்.

தொட்டியில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். கழுத்து வரை வெந்நீர், மேலே குட்டை முடி, முகம் முழுக்கச் சிரிப்பு.

"எங்கேடி போனீங்க மூணு பேரும்? எனக்கு விரலெல்லாம் ஊறிப்போச்சு" என்றாள் ஸ்டெய்ன்வோர்.

நாங்கள் வாயைத் திறந்தபடி தண்ணீரில் இறங்கினோம்.

"நீ எப்படி... எப்ப வந்தே?"

"உள்ளே ஈ காக்கா இல்ல. ஏழு மணிக்கு அந்த அறை காலியா இருந்து நான் பார்த்ததே இல்ல. நிதானமா குளிச்சேன். கண்ணாடியில என்னையே ஒரு தரம் நல்லா பார்த்துக்கிட்டேன்." அவள் தண்ணீருக்கடியில் வயிற்றைத் தட்டிக் காட்டினாள். "முப்பது வருஷமா தின்ன பான்கேக் எல்லாம் இங்கேதான் இருந்துச்சு. டாக்டரம்மா மேல் மாடிக்கு ஏத்திட்டாங்க. இப்ப வயிறும் தட்டை!"

"என் வயித்துல இருக்கறது ரெண்டு பேருக்கு ஆகும். வேணும்னா சொல்லு" என்றாள் பெர்க்டிஸ்.

சிரிப்பு அடங்கியதும் ஸ்டெய்ன்வோர் சொன்னாள்: "மூணு நாளா காரை வாசல் வரைக்கும் ஓட்டிட்டு வந்து, இறங்காமலே திரும்பிட்டேன்."

"யாராவது பார்ப்பாங்கன்னா?"

"பார்த்தா பரவாயில்லடி. நீங்க மூணு பேரும் பார்க்காத மாதிரி நிப்பீங்களே, அதை நினைச்சாத்தான் பயமா இருந்துச்சு."

ஸ்வாலா தன்னை அறியாமல் மேலே பார்த்தாள். அங்கே கூரை இல்லை, பனிதான் இருந்தது.

"நல்ல வேளை, இன்னிக்கு என் அதிர்ஷ்டம்" என்றாள் ஸ்டெய்ன்வோர்.

"அதிர்ஷ்டமா? அந்தப் பலகை..." என்று ஆரம்பித்தாள் ஸ்வாலா.

"எந்தப் பலகை?"

துண்டை மறந்துவிட்டேன் என்று சொல்லி நான் உள்ளே போனேன்.

வாளியும் துடைப்பமும் மூலையில் இருந்தன. துடைப்பத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து விறைத்திருந்தது. வாளிக்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கோல்ப்ரூனின் நாற்காலிக்கு எதிரே இருந்த ஜன்னலில் வாசலில் நின்ற கார்கள் தெரிந்தன.

"புகார் எழுத வந்தியா?" என்றாள் கோல்ப்ரூன்.

"இல்ல. நன்றி சொல்ல."

"எதுக்கு? தரை அழுக்கா இருந்துச்சு."

"ஆமா."

"நாளைக்குப் பலகை கிடையாது. உன் தோழிகிட்ட சொல்லு, இன்னிக்கு அவ தலைக்குச் சோப்பே போடல. வெளியே போறப்ப முடி அப்படியே காஞ்சு கிடந்துச்சு."

எனக்கு மறுபடி கோபம் வந்தது. "கோல்ப்ரூன், அவளுக்கு இடது கை இன்னும் தோளுக்கு மேலே எழும்பாது."

"தெரியும்" என்று அவள் கையைக் கட்டிக்கொண்டாள். "அதனாலதான் கேக்கறேன். நாளைக்கு நீங்க மூணு பேரும் அவ தலையைத் தேச்சு விடப் போறீங்களா, இல்ல கூரையைப் பார்த்துக்கிட்டு நிக்கப் போறீங்களா?"