கரைகிற குழாய்

குழி இடுப்பளவு ஆழமாகியும் சபாபதி நிறுத்தவில்லை. ஓரத்தில் நின்ற மகள் இந்திராவை உள்ளே போகச் சொல்லிவிட்டு, ரமணி கணவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடித்தாள்.

"போதுங்க. ஒரு ஆட்டுக்கு எதுக்கு இவ்ளோ ஆழம்? பத்து மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்காரு."

"நாய் தோண்டிடும்" என்றான். மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி வெட்டினான்.

ஆடு சாக்கில் கிடந்தது. விடியும்போது கழுத்து திடீரென்று வீங்கி, வாயில் ரத்தம் தள்ளி, கத்தக்கூட முடியாமல் செத்துப்போயிருந்தது. காப்பார் ஊரில் ஆடு சாவது யாருக்கும் புதிதல்ல. ஆனால் இது முனீஸ்வரனுக்கு நேர்ந்த ஆடு.

போன வாரம்தான் சபாபதி அதை யாரோ சிநேகிதனுடைய லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். கழுத்தில் ஒரு பக்கம் ரோமம் கட்டையாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, கயிறு உரசியது என்றான்.

"இத வெட்டக்கூடாது, ரமணி. இது உசிரோட இருந்தா நம்ம பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாது" என்றும் சொன்னான். முனீஸ்வரனுக்கு நேர்ந்த ஆட்டை வெட்டாமல் மடியில் வைத்துக் கொஞ்சவா போகிறோம் என்று அவளுக்கு வாய்வரை வந்தது. பாவம், பிள்ளைக் கவலையில் இருக்கிறான் என்று விழுங்கிக்கொண்டாள்.

இருந்தால் ஒன்றும் ஆகாது. இப்போது அது செத்துவிட்டதே. பஸ்ஸில் கோலாலம்பூர் போய்ச் சேரும்வரை அவள் இந்திராவின் கையை விடவில்லை.

இந்திராவுக்கு ஆறு வயது. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் பிறவியிலேயே சுருங்கியிருந்தது. நாலு படி ஏறினால் உதடு நீலமாகிவிடும்.

ஆராய்ச்சிக்கூட வாசலுக்கே வந்து உள்ளே அழைத்துப்போனார் டாக்டர் சோமசுந்தரம். அங்குள்ள ஆடுகளைப் பார்த்துக்கொள்வது சபாபதியின் வேலை. பன்னிரண்டு வருடத்தில் டாக்டர் சிரித்து அவன் பார்த்ததில்லை. இன்று முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"உக்காருங்கம்மா. நேத்து ஏழாம் நம்பர் ஆட்ட அறுத்துப் பாத்தோம்."

ரமணிக்கு விவரம் தெரியும். தானே கரைகிற நூலில் ஒரு குழாய் பின்னி, அதில் ஆட்டின் சொந்த உயிரணுக்களை வளர்த்து, ஆறு மாதத்துக்கு முன் அதன் கழுத்தில் பொருத்தியிருந்தார்கள். நூல் கரைந்து புது ரத்தக்குழாய் மட்டும் மிஞ்ச வேண்டும். மிஞ்சினால் அடுத்தது இந்திராவுக்கு. டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி சபாபதி வாங்கிய இடம் அது.

"குழாய் என்னாச்சு டாக்டர்?"

"காணோம்மா. சுத்தமா கரைஞ்சிருச்சு லா. தையல் போட்ட இடங்கூடத் தெரியல. கடவுள் வச்ச ரத்தக்குழாய் மாதிரியே இருக்கு. பத்து வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்."

"காதுல மாட்டுன நம்பர் பாத்தீங்களா டாக்டர்?" சபாபதி உட்காராமலே கேட்டான்.

"பாக்காமலா? ஏழுதான். நீங்கதானே கொண்டாந்து விட்டீங்க."

ரமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. காலையிலிருந்து பயந்து செத்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள். பிள்ளைக்கு வரவிருந்ததை முனீஸ்வரன் அந்த ஆட்டின் தலையில் இறக்கிவிட்டான், வேறென்ன.

டாக்டர் ஒரு தாளை மேசையில் தள்ளினார். "வியாழக்கிழமை ஆப்பரேஷன். உலகத்துக்கே காட்டப் போறோம், உங்க பொண்ணுதான் முதல் ஆளு. அப்பா சைன் பண்ணுங்க."

சபாபதி பேனாவை எடுத்தான். கழுவியும் போகாத களிமண் அவன் நகக்கண்ணில் ஒட்டியிருந்தது. பேனா தாளைத் தொடாமல் அங்கேயே நின்றது.

"என்னாங்க, போடுங்க" என்று ரமணி அவன் முதுகைத் தொட்டாள். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. "அவரு எவ்ளோ நல்ல சேதி சொல்றாரு."

நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்த மகளை அவன் பார்த்தான். பேனாவை மூடி மேசையில் வைத்தான்.

"நெஜமான ஏழாம் நம்பர் ஆட்ட நான் இன்னிக்குக் காலையிலதான் பொதைச்சேன், டாக்டர்."