கரையோரச் சில்லுகள்

"பூவம்மா சில்லைத் திருடுறா! என் கண்ணால பார்த்தேன்!"

சுடர்விழி போட்ட கூச்சலில் பள்ளிக்கூட மைதானமே திரும்பிப் பார்த்தது.

தரையில் ஊர் விரிந்து கிடந்தது. கோலப்பொடியில் தெரு, நீலப்பொடியில் வாய்க்கால், வைக்கோல் பரப்பிய இடமெல்லாம் வயல். வீட்டுக்கு ஒரு ஓட்டுச் சில்லு. அவரவர் வீட்டை அவரவரே வைக்க வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் தியாகராசன் அப்படித்தான் சொல்லியிருந்தார். வெண்ணாறு உடைப்பெடுத்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஏறும், யார் வீட்டில் முதலில் புகும் என்பதை ஊராரே வரைந்து காட்டும் ஆராய்ச்சி.

"உங்க ஊரைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்? இன்னிக்கு நீங்கதான் வாத்தியார், நான் மாணவன்" என்றவர், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மண் தரையிலேயே உட்கார்ந்தார். சனங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மாதிரிக்காகச் சுவரில் ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தார். வேறொரு ஊர்க்காரர்கள் தரையில் போட்ட படத்தின் போட்டோ.

"வெளிநாட்டுக்காரங்களே இதைப் பார்த்து அசந்துட்டாங்க. ஒரு வீடு விடாம வச்சிருக்காங்க பாருங்க. நம்ம படமும் இப்படி வரணும்."

ஆனால் இப்போது வாய்க்கால் கரையில் ஒரு சில்லுகூட இல்லை.

"முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கா சார். அவுக்கச் சொல்லுங்க!"

"சில்லை வச்சு மாடி வீடு கட்டப் போறியா ஆத்தா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

பூவம்மாள் முந்தானை முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முன்னாள் வார்டு மெம்பர் அண்ணாதுரை முன்னால் வந்தார்.

"ஏம்மா, கரையில இருக்கறவங்களுக்குப் பட்டா கிடைக்கப் போவுதுன்னதும் வயிறு எரியுதா?"

"பட்டாவைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே..." என்றார் பேராசிரியர். அது யார் காதிலும் விழவில்லை. அவரும் இன்னொரு தடவை சொல்லவில்லை.

சுடர்விழி விடுவதாக இல்லை. "என் ஆடு இவ தங்கச்சி வீட்டு முருங்கையைக் கடிச்சிடுச்சாம். அன்னிலேர்ந்து என்னைக் கண்டா ஆவாது. அதுக்குப் பழி வாங்குறா சார். படத்துல இல்லேன்னா நாளைக்கு நாங்க இந்த ஊரே இல்லேம்பாங்க. புயல்ல வீடு போச்சுன்னு தங்கச்சி வீட்டுல வந்து ஒண்டுனவ இவ. இவளுக்கு இந்தப் புத்தி!"

"வேணாம் சுடரு. வைக்காத" என்றாள் பூவம்மாள், தாழ்ந்த குரலில்.

"கேட்டீங்களா? எவ்வளவு திமிரு!"

பேராசிரியர் பக்கத்திலிருந்த அண்ணாதுரையிடம் மெல்லச் சொன்னார்: "திட்டாதீங்க. இதுவும் நமக்குத் தகவல்தான். ஊருக்குள்ள யாரை யாரு ஒதுக்கறாங்கன்னு வெளியில வருது பாருங்க."

அதற்குள் சுடர்விழி பாய்ந்து முந்தானையை இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்தது. சில்லுகள் பொலபொலவென்று கொட்டின. கரையோரத்துச் சனங்கள் ஆளுக்கொன்றாகப் பொறுக்கி வரிசையாக வைத்தார்கள். கடைசியாகச் சுடர்விழி தன் சில்லை வைத்து, கட்டைவிரலால் மண்ணில் அழுத்தினாள். யாரோ கை தட்டினார்கள்.

"கனிமொழி! மேலேர்ந்து ஒரு போட்டோ எடும்மா" என்று பேராசிரியர் கத்தினார். பள்ளிக்கூட மொட்டை மாடியில் செல்போனோடு நின்ற அவருடைய மாணவி கையை அசைத்தாள்.

பூவம்மாள் பிளெக்ஸ் கட்டியிருந்த சுவரருகே போனாள். போட்டோவில் ஒரு சில்லின் மேல் விரலை வைத்தாள்.

"சார், இது நான் வச்சது."

பேராசிரியர் துள்ளி எழுந்தார். "நீங்க அந்த ஊரா! முதல்லயே சொல்லக் கூடாதா? அந்தக் கரைத்தெரு சனம் எப்படி ஓடி ஓடி வச்சாங்க! எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"வீடு வீடாப் போயி அவங்களைக் கூட்டியாந்ததே நான்தான் சார். அப்புறம் நீங்கதான் அந்தப் பக்கம் வரவே இல்ல."

"ஆராய்ச்சி முடிஞ்சு போச்சும்மா. அறிக்கையை எல்லா ஆபீசுக்கும்..."

அவர் நிறுத்திக்கொண்டார்.

"அந்த ஆபீசுலேர்ந்துதான் வந்தாங்க. வாய்க்கா புறம்போக்குல இருக்கீங்கன்னாங்க. இல்லேன்னோம். இந்தப் படத்தை எடுத்து நீட்டுனாங்க. கரை மேல இருக்கோம்னு நீங்களே உங்க கையால வச்சதுதானேன்னு கேட்டாங்க. என்ன சொல்றது?"

பூவம்மாள் போட்டோவிலிருந்து விரலை எடுத்தாள்.

"புயல் இல்ல சார், பொக்லைன். அவ்வளவு பேரும் என்னைத்தான் திட்டினாங்க. அந்த ஊர்ல இருக்க முடியாமத்தான் இங்க வந்து புயல்னு சொல்லிக்கிட்டேன். அந்தத் தெரு இப்ப இந்தப் படத்துல மட்டும்தான் இருக்கு."

சுடர்விழி சட்டென்று குனிந்து தன் சில்லைப் பிடுங்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் குனிந்தார்கள்.

"எடுத்துட்டேன் சார்!" மாடியிலிருந்து கனிமொழியின் குரல் உற்சாகமாக வந்தது. "கரை வீடெல்லாம் பளிச்சுனு விழுந்திருக்கு!"

'அழிச்சிடும்மா' என்று அவர் சொல்லப்போகும் ஒரு வார்த்தைக்காக ஊரே பேராசிரியரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அவர் தன் செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டிருந்தார்.