மடியில் வாங்காத கூடை

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில், நின்றுகொண்டு வருபவர்களின் பைகள் மூன்று என் மடியில் இருக்கின்றன. எதையும் உள்ளே என்னவென்று கேட்டு வாங்கவில்லை. புர்கா அணிந்த பெண் தன் ஒயர்கூடையை நீட்டும்போது மட்டும், "உள்ள கறிங்களா?" என்று கேட்கிறேன். சாய்ந்த வெயிலில் அவள் முகம் ஒரு கணம் அசையாமல் இருக்கிறது. "நெய்ங்கண்ணா," என்று தூக்குப்போசியின் மூடியைத் திறந்து காட்டுகிறாள். மணம் இருக்கைகளின் மேல் பரவுகிறது. நான் கை நீட்டுகிறேன். "இருக்கட்டுங்க," என்று கூடையைக் காலருகே வைத்துக்கொள்கிறாள். உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்து அவளுக்கு இடம் விடுகிறேன். மூன்று பைகளையும் தன் மடிக்கு மாற்றிக்கொள்கிறாள். "உங்க பையையும் குடுங்கண்ணா, கம்பியப் புடிச்சுக்குங்க." தோளில் தொங்கும் என் பையில் அரைக் கிலோ கோழிக்கறி இருக்கிறது. அவள் நீட்டிய கை அப்படியே நிற்கிறது.