முழங்கால்களுக்கு நடுவில் தலையணை

ஐந்து நாட்களாக அவள் பேண்ட்டை நின்றுகொண்டு போடுவதில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாக நுழைக்கிறாள். நான்காவது மாதம் இது. இன்னும் வலிக்கவில்லை. ஆனால் முதல் கர்ப்பத்தில், இடுப்பெலும்பு முன்பக்கம் பிளப்பதுபோன்ற அந்த வலி இதே மாதத்தில்தான் தொடங்கியது. ஜன்னல் வெயில் அவள் பாதங்களில் விழுகிறது. பக்கத்து அறையில் துணி துவைக்கும் இயந்திரம் கடைசிச் சுற்றில் தடதடக்கிறது. மூன்று வயது மகள் வந்து இரண்டு கைகளையும் நீட்டுகிறாள். அவள் தூக்கவில்லை, கட்டிலைத் தட்டி, பக்கத்தில் ஏறி உட்காரச் சொல்கிறாள். “பிள்ளையத் தூக்கக்கூட இவ்வளவு யோசனையா? ரெண்டாவது சுலபமா வந்துடும்மா,” என்கிறார் வெறும் வாளியோடு வாசலில் நிற்கும் மாமியார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும் கணவன் சிரிக்கிறான். “உங்க மருமக இப்பவே ஒத்திகை பாக்குறாம்மா. ராத்திரி முழங்காலுக்கு நடுவுல தலையணை வேற. போன தடவையும் இப்படித்தான் பயமுறுத்தினா. கடைசில என்ன ஆச்சு? ஒண்ணுமில்ல.” அவள் பேண்ட் நாடாவை இழுத்து முடிச்சுப் போடுகிறாள். விரல் நுனிகள் வெளுத்துப்போகின்றன. “இந்தத் தடவ வலிச்சா, எந்நேரமானாலும் உங்கள எழுப்புவேன்.” “தாராளமா எழுப்பு. போன தடவ வேண்டாம்னா சொன்னேன்?” இஸ்திரிப் பெட்டி சட்டைக் காலரில் நிற்கிறது. “எழுப்பினேன். புரண்டு படுத்துட்டீங்க,” என்கிறாள் அவள், மாமியாருக்கும் கேட்கும்படி. “அப்புறம் எழுப்பவே இல்ல. இவ பிறக்குற வரைக்கும் பாத்ரூமுக்குத் தவழ்ந்துதான் போனேன்.”