முதலாளி கார் நிற்கும் இடம்

வேனின் பின்கதவு இரண்டையும் விரியத் திறந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை உள்ளே தரையில் வைத்துப் பார்த்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

ஒரு மணிக்குள் இது ஆறியாக வேண்டும்.

துணிக்கடையின் பின்சுவரை ஒட்டி ஒரு வண்டி அகலத்துக்கு நிழல் விழும். உச்சி வெயிலில் அந்தத் தெருவிலேயே நிழல் என்று இருப்பது அது ஒன்றுதான். முதலாளி கார் நிற்கும் இடம் என்று சுவரில் பெயிண்டால் எழுதியே வைத்திருந்தார்கள். அந்த எழுத்தை மறைத்துத்தான் வேனை நிறுத்தியிருந்தாள்.

"ஏம்மா, சுவத்துல என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியுமா?" என்றார் கடை வாட்ச்மேன், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டு.

"டிகிரியே வாங்கியிருக்கேண்ணே."

பொய்யில்லை. அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். இயற்பியல். அம்மாவின் சம்பளத்தில் படித்தது. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் சிரித்துப் பேசி அனுப்பிவிட்டார்கள். பழைய சரக்கு வேன் ஒன்றைப் பிடித்து ஓட்டத் தொடங்கியதும், ஸ்டியரிங் பிடிக்கவா இவ்வளவு படிப்பு என்று சித்தப்பா வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

வெப்பம் எப்படியெல்லாம் பரவும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். எழுதியது இன்றைக்குத்தான் பிழைப்புக்கு உதவியது.

கூரைக்குப் போன வாரமே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. ஃபிரிட்ஜ் கடைக் குப்பையில் கிடந்த தெர்மோகோலைப் பொறுக்கிவந்து உள்சுவர் நெடுக ஒட்டியாயிற்று. இப்போது முன்கண்ணாடியை வெளிப்பக்கமாக அட்டையால் மூடினாள். உள்பக்கம் மூடினால், வெயிலை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிற கதைதான். கூரைமேல் நனைத்த சாக்குகளை விரித்தாள். போனட்டைத் தூக்கி நிறுத்தினாள். இன்ஜின் சூடு வெளியே போகும். யாராவது கேட்டால் ரிப்பேர் என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

"அப்படி என்னத்தம்மா ஏத்தப் போற? கேக்கா, மருந்தா?"

"ஒரு மணிக்கு வரும். நீங்களே பாருங்க."

"ஒரு மணிக்கு முதலாளி வருவாரு. இந்த வண்டி இங்க நின்னா என் சீட்டு கிழிஞ்சிரும்."

"உங்களுக்கு எங்கண்ணே சீட்டு குடுத்தாங்க?"

வாட்ச்மேன் கேட்டில் சாய்ந்தார். அவர் நின்ற இடத்தில், கேட்டைத் தவிரச் சாய்ந்துகொள்ளக்கூட ஒன்றும் இல்லை.

தரையில் அட்டையை இரண்டு மடிப்பாகப் போட்டு, மேலே பாயை விரித்தாள். வேனுக்கு அடியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் கடைக் குழாயிலிருந்துதான். வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்தார். பக்கக் கதவில் பேட்டரி விசிறியை வைத்து நிழல் காற்றை உள்ளே தள்ளவிட்டாள். பின்வாசலில் ஈரத் துணியைத் திரையாகத் தொங்கவிட்டாள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மறுபடி காலை வைத்தாள். இன்னும் சுட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு வாளியை எடுத்தாள். இந்த வேன் இன்றைக்கு ஆறும். ஆறாமல் எங்கே போய்விடும், பார்த்துவிடலாம்.

அடுத்த தடவை காலை எடுக்கத் தோன்றவில்லை.

ஒரு மணி. கடையின் பின்கதவு திறந்தது.

ஒரே நிறச் சீருடையில், சாப்பாட்டு டப்பாவும் கையுமாக, கடையில் துணி விற்கிற பெண்கள் வெளியே வந்தார்கள். தயங்கினார்கள். அவள் திரையை விலக்கிப் பிடித்தாள். ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வேனுக்குள் ஏறினார்கள்.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கடையில் விற்கிறவர்கள் உட்காரக் கூடாது. துணி எடுக்க ஆளே வராத நேரத்திலும் கூடாது. உள்ளே ஒரு முக்காலிகூடக் கிடையாது. மதியச் சாப்பாடும் மாடிப்படிக்கு அடியில் நின்றபடிதான்.

பாயில் உட்கார்ந்தார்கள். காலை நீட்டினார்கள். யாரும் டப்பாவைத் திறக்கவில்லை, பசியெல்லாம் அப்புறம். வீங்கிய கணுக்கால்கள். கெண்டைக்காலில் முறுக்கிக்கொண்டு புடைத்த நரம்புகள். ஒருத்தி தன் பாதத்தை மடியில் எடுத்து வைத்து, யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே கார் ஹாரன் அடித்தது.

அந்தச் சத்தத்துக்கு உள்ளே எல்லோரும் விருட்டென்று எழுந்தார்கள். சரக்கு வேனில் நிமிர்ந்து நிற்க இடம் ஏது? தகரக் கூரையில் மடமடவென்று தலைகள் இடித்தன.



"ரிப்பேர் சார்," திரைக்கு அந்தப் பக்கம் வாட்ச்மேனின் குரல் கேட்டது. "போனட்டைத் திறந்து போட்டிருக்கு பாருங்க. தள்ளினாலும் நகராது."

கார் கொஞ்ச நேரம் அங்கேயே உறுமியது. பிறகு எதிர்ப்பக்கம் போய் வெயிலில் நின்றது.

முதலில் ஒருத்திக்குத்தான் சிரிப்பு வந்தது. அப்புறம் எல்லோரும் தலையைத் தேய்த்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். சிரித்தபடியே திரும்ப உட்கார்ந்தார்கள்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஒரே ஒரு தலை கூரையில் இடிக்காததை அவள் பார்த்திருந்தாள். அது ஓரமாக, கழுத்து மடங்கி, டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, ஏறிய இடத்திலேயே குனிந்து நின்றது.

அம்மா இன்னும் உட்காரவே இல்லை.